ஆர்எஃப் மவுண்டுக்கு ஒரு போர்ட்ரெய்ட் மேக்ரோ: அது வரும்வரை என்ன செய்யலாம்?

கேனனின் மிரர்லெஸ், அதாவது உள்ளே ஆடி இல்லாத, கேமராக்களில் லென்ஸ் பொருந்தும் அமைப்புக்கு ஆர்எஃப் மவுண்ட் என்று பெயர். அதற்காக நான் ஏங்கும் லென்ஸின் கதை பழையது. டாம்ரான் நிறுவனம் 1979இல் வெளியிட்ட 90 மி.மீ. எஃப்/2.5 லென்ஸ், பூவையும் பூச்சியையும் நெருங்கி எடுப்பதற்கு மட்டுமன்றி ஆள்முகம் எடுப்பதற்கும் ஏற்றதாக இருந்ததால் ‘போர்ட்ரெய்ட் மேக்ரோ’ என்றே பெயர் பெற்றது. அந்த வரிசை இன்றும் தொடர்கிறது. ஜப்பானியர் அதைச் செல்லமாக ‘டாம்க்யூ’ என்கிறார்கள், ‘க்யூ’ என்பது அவர்கள் மொழியில் ஒன்பது. ஆனால் அதன் புதிய மிரர்லெஸ் வடிவம் 2024 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டபோது சோனி ஈ, நிக்கான் இசட் மவுண்ட்களுக்கு மட்டுமே வந்தது, ஆர்எஃப்புக்கு வரவில்லை. சிக்மாவின் 105 மி.மீ. எஃப்/2.8 மேக்ரோ 2020இல் சோனி ஈ, எல் மவுண்ட்களுக்கு வந்தது. 2022இல் லென்ஸ் நிறுவனமான வில்ட்ராக்ஸ் தன் ஆர்எஃப் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களின் விற்பனையை நிறுத்த நேர்ந்தது. 2024 ஏப்ரலில் சிக்மாவும் டாம்ரானும் கேனனின் உரிமத்துடன் ஆர்எஃப் லென்ஸ்களை அறிவித்தன என்றாலும், அவை ஃபுல்ஃபிரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாருக்கானவை. ஆகவே ஃபுல்ஃபிரேம் கேனன் கேமரா உடலை வைத்துக்கொண்டு, கல்யாணப் பெண்ணின் முகத்தையும் அவள் மெட்டியையும் ஒரே லென்ஸில் எடுக்க விரும்பும் என்னைப் போன்றவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஆசையை முதலில் அளந்து பார்க்க வேண்டும். மேக்ரோ என்றாலே ஒன்றுக்கு ஒன்று என்ற உருப்பெருக்கம் வேண்டும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்த அளவில் ஃபுல்ஃபிரேம் சென்சாரின் முழு அகலத்தையும் நிரப்பும் பொருள் வெறும் 36 மி.மீ. அகலமுடையது. கடந்த ஓராண்டில் நீங்கள் வாடிக்கையாளருக்குக் கொடுத்த நெருக்கப் படங்களை எடுத்து வைத்து, ஒவ்வொன்றிலும் சட்டத்தின் இடமிருந்து வலம்வரை உண்மையில் எத்தனை சென்டிமீட்டர் இருந்தது என்று கணக்கிடுங்கள். பிறந்த குழந்தையின் பாதம், மருதாணியிட்ட உள்ளங்கை, நெற்றிச்சுட்டியோடு சேர்ந்த இரு புருவங்கள் ஆகியவை எல்லாம் ஏழு சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருக்கும்; அவற்றுக்குப் பாதி உருப்பெருக்கமே போதும். கையிலுள்ள லென்ஸ் எவ்வளவு நெருங்கும் என்பதை அறிய ஒரு பள்ளிக்கூட ஸ்கேலை மிகக் குறைந்த தூரத்தில் வைத்துப் படமெடுங்கள். சட்டத்துக்குள் 72 மி.மீ. தெரிந்தால் உங்களிடம் ஏற்கெனவே பாதி உருப்பெருக்கம் இருக்கிறது என்று பொருள். சாதாரண 85 மி.மீ. போர்ட்ரெய்ட் லென்ஸில் ஏறக்குறைய 28 சென்டிமீட்டர் தெரியும். நம் குறை அங்கேதான் இருக்கிறது.

குவியத் தொலைவைப் பற்றி அதிகம் யோசிக்கத் தேவையில்லை. 85 முதல் 105 மி.மீ. வரை எதுவானாலும் முகம் இயல்பாக இருக்கும், நகைக்கும் லென்ஸுக்கும் நடுவே வெளிச்சம் நுழைய இடமும் கிடைக்கும்.

இப்போதைக்கு நான் முதலில் பரிந்துரைப்பது அடாப்டர் வழியைத்தான். கேனனின் பழைய, ஆடியுள்ள கேமராக்களுக்கான ஈஎஃப் மவுண்டில் சென்சாருக்கும் லென்ஸ் அமரும் வளையத்துக்கும் இடையே 44 மி.மீ. தூரம் உண்டு, ஆர்எஃப்பில் அது 20 மி.மீ. மட்டுமே; ஆகவே கேனனின் சாதாரண அடாப்டர் என்பது அந்த 24 மி.மீ. வித்தியாசத்தை நிரப்பும் வெற்றுக் குழாய்தான். உள்ளே கண்ணாடி எதுவும் இல்லாததால் படத்தின் தரம் குறைவதற்கு வழியில்லை, ஆட்டோஃபோகஸும் இயங்கும். 2009இல் வந்த கேனன் 100 மி.மீ. எஃப்/2.8 எல் மேக்ரோவை இப்படிப் பொருத்தலாம். மூன்றாம் நிறுவன லென்ஸ்தான், அதாவது கேனன் அல்லாதவர் செய்ததுதான், வேண்டும் என்றால் 2016இல் வந்த டாம்ரான் 90 மி.மீ., அதாவது எஃப்017 என்ற மாடலை, பழைய பொருளாகத் தேடலாம். இதற்கு முந்தைய எஃப்004 மாடலைவிட இதை நான் விரும்புவதற்குக் காரணம், கணினியோடு இணைக்கும் டாம்ரானின் டாப்-இன் கன்சோல் என்ற சிறு கருவியைக் கொண்டு இதன் ஃபர்ம்வேரை, அதாவது உள்ளே இயங்கும் மென்பொருளை, வீட்டிலேயே புதுப்பிக்கலாம் என்பது. ஆர்எஃப் உடல்கள் வருவதற்கு முன்பே செய்யப்பட்ட லென்ஸுக்கு அந்த வசதி சிறிய விஷயமல்ல.

பழைய லென்ஸ் வாங்கும்போது பூஞ்சைக்கு அஞ்ச வேண்டும், அதுவும் சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் பீரோவுக்குள் கிடந்த லென்ஸ் என்றால் இன்னும் அதிகமாக. அபர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து கைபேசியின் டார்ச்சை அடித்து, முன்பக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற மெல்லிய கிளைகள் தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள். நான் ஒருமுறை மாலை வெளிச்சத்தில் அவசரமாகப் பார்த்து வாங்கிய லென்ஸில் அந்தக் கிளைகளை மறுநாள் காலையில்தான் கண்டேன். சுத்தம் செய்தவர் கேட்ட கூலி, லென்ஸ் விலையில் மூன்றில் ஒரு பங்கு. அடுத்து, உங்கள் கேமராவையும் அடாப்டரையும் கையோடு எடுத்துச் சென்று, தூரத்துச் சுவரிலிருந்து உள்ளங்கைக்கும் மீண்டும் சுவருக்கும் ஃபோகஸை மாற்றி மாற்றிப் பத்து முறை ஓட விடுங்கள். நடுவில் எங்காவது தடுக்கி நின்றால் மோட்டார் களைத்திருக்கிறது. ஃபோகஸ் எல்லையைக் குறுக்கும் சுவிட்ச் வேலை செய்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும், ஏனெனில் முகம் எடுக்கும்போது லென்ஸ் தேவையின்றி நெருக்கத் தூரம்வரை போய்த் திரும்பாமல் தடுப்பது அதுதான்.

செலவு வேண்டாம் என்பவர்களுக்கு, லென்ஸுக்கும் உடலுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாயான எக்ஸ்டென்ஷன் டியூப் இருக்கிறது. குழாயின் நீளத்தை லென்ஸின் குவியத் தொலைவால் வகுத்தால் கூடுதலாகக் கிடைக்கும் உருப்பெருக்கம் வரும், 85 மி.மீ. லென்ஸில் 25 மி.மீ. குழாய் ஏறக்குறைய 0.29 தரும், லென்ஸின் சொந்த 0.13ஐயும் சேர்த்தால் பாதிக்குச் சற்றுக் குறைவு. ஆனால் குழாய் மாட்டியிருக்கும்வரை, லென்ஸிலிருந்து ஏறத்தாழ 40 சென்டிமீட்டருக்கு அப்பால் எதுவும் தெளிவாகாது. மெட்டி படத்துக்காக மாட்டிய குழாயைக் கழற்ற மறந்து, கெட்டிமேளம் கொட்டிய நேரத்தில் மணமேடை முழுவதையும் மங்கலாகப் பார்த்துக்கொண்டு நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: குழாயை இரண்டாவது உடலில் மாட்டுங்கள், அல்லது மண்டபத்துக்குக் கொண்டு போகாதீர்கள்.

கேனனே 2020இல் வெளியிட்ட ஆர்எஃப் 85 மி.மீ. எஃப்/2 மேக்ரோ பாதி உருப்பெருக்கம் தரும். மேலே சொன்ன கணக்கில் ஏழு சென்டிமீட்டரே போதும் என்று உங்களுக்குத் தெரியவந்திருந்தால், மூன்றாம் நிறுவனத்துக்காகக் காத்திருப்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. லாவோவாவின் 90 மி.மீ. லென்ஸ் ஆர்எஃப் மவுண்டிலேயே கிடைக்கிறது, இரு மடங்கு வரை பெரிதாக்குகிறது. ஆனால் ஃபோகஸை முழுக்கக் கையால்தான் செய்ய வேண்டும். தட்டில் வைத்த தாலிக்கு அது அருமையான கருவி, ஓடும் குழந்தைக்கு அல்ல.

எந்த லென்ஸானாலும், பயன்படுத்தும்போது நெருக்கத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். மணப்பெண்ணின் ஒற்றைக்கல் மூக்குத்தியை எடுத்துக்கொள்வோம். முழு உருப்பெருக்கத்தில் எஃப்/8 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய ஒரு மி.மீ.; கல்லின் முகப்பு கூர்மையாக இருக்கும், அதைப் பிடித்திருக்கும் மூக்கின் வளைவு கரைந்துவிடும். அவள் மூச்சு விடும்போது மூக்கே அந்த ஒரு மில்லிமீட்டரைத் தாண்டி நகரும். அதே எஃப்/8 பாதி உருப்பெருக்கத்தில் மூன்று மி.மீ. அளவுக்கு ஆழம் தரும். நான் அப்படி எடுத்துவிட்டுப் பின்னர் வெட்டிக்கொள்கிறேன். அபர்ச்சரை மேலும் குறுக்கித் தப்பிக்க முடியாது: முழு உருப்பெருக்கத்தில் எஃப்/11 என்பது நடைமுறையில் எஃப்/22 ஆகிவிடும், கேனன் உடல் அதைத் திரையில் காட்டவும் செய்யாது, படம் மட்டும் மழுங்கிப்போகும். ஷட்டர் வேகத்தை 1/250 வினாடிக்குக் கீழே இறக்காமல், தொடர் ஃபோகஸில் வைத்து, நான்கைந்து படங்களை அடுத்தடுத்துத் தட்டி, அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே நடைமுறைக்கு ஏற்றது. கல்லில் ஒளி வாங்க ஃபிளாஷ் வேண்டாம், கல்யாணப் பத்திரிகையின் வெள்ளை உட்பக்கத்தைக் கன்னத்தருகே பிடித்தாலே போதும். அதே லென்ஸில் முகத்தை எடுக்கும்போது எஃப்/4க்கு மேல் குறுக்காதீர்கள், மேக்ரோ லென்ஸ் பவுடரின் ஒவ்வொரு துகளையும் எண்ணிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால் தயாரிப்பாளரிடமே கேளுங்கள். ‘ஆர்எஃப்புக்கு மேக்ரோ செய்யுங்கள்’ என்ற ஒரு வரியால் அவர்களுக்கு எதுவும் தெரியாது. எந்த உடல் வைத்திருக்கிறீர்கள், என்ன தொழில், எத்தனை மடங்கு உருப்பெருக்கம் தேவை, எந்தத் தூரத்தில் ஃபோகஸ் எல்லை நிற்க வேண்டும், இப்போது அதற்குப் பதிலாக எதைப் பயன்படுத்துகிறீர்கள், அதில் எது குறை என்பவற்றை அரைப்பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். ஸ்கேலை வைத்து எடுத்த அந்தப் படத்தையும் இணைத்துவிடுங்கள்.