கர்ப்ப காலத்தில் பிபி கூடியிருக்கிறதா? மலைக்குளிரில் வீட்டிலேயே செய்ய எளிய யோகா

குன்னூர், கோத்தகிரி பக்கம் இருக்கிறீர்கள், செக்கப்பில் பிபி 140/90-ஐத் தாண்டிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். பயப்படாதீர்கள், ஆனால் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். யோகா அதற்குத் துணைதான். டாக்டர் சரி என்ற பிறகே தொடங்குங்கள். சிறுநீரில் புரதம் போகிறது என்று சொல்லியிருந்தால் அவரைக் கேட்காமல் ஒரு ஆசனமும் வேண்டாம்.

விடியற்காலையில் செய்யாதீர்கள். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி பிபி ஏறும். வெயில் வந்து வீடு சூடானதும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் போன பிறகு செய்யலாம்.

முதலில் பிபி பாருங்கள். நம் ஊரில் ஸ்வெட்டரைக் கழற்றச் சோம்பல்பட்டு அதன் மேலேயே பட்டையைச் சுற்றுகிறார்கள், அளவு தப்பாகத்தான் வரும். ஸ்வெட்டர் கையை மடித்து இறுக்கி ஏற்றினாலும் அப்படியே. ஒரு கையை முழுதாக வெளியே எடுங்கள், முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படும்படி 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து அளந்து பாருங்கள். மேல் அளவு 160-ஐயோ கீழ் அளவு 110-ஐயோ தொட்டாலே யோகா வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

அளவு பரவாயில்லையா? கம்பளியை மடித்துப் போட்டு, சுவரில் சாய்ந்து சம்மணம் போடுங்கள். நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விடுங்கள். நடுவில் அடக்கக் கூடாது. 5 நிமிடம் போதும்.

அப்புறம் இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்துப் பட்டாம்பூச்சி ஆசனம். முழங்காலைத் தரைக்கு அழுத்தாதீர்கள், தானாக இறங்கும் அளவு இறங்கட்டும்.

கடைசியாகச் செய்வதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியம்: இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பது. மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பையின் கனம், இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, வயிற்றுக்கு அடியில் மடித்த துண்டு, மேலே போர்வை. அப்படியே கண்ணை மூடி, மூச்சை விடும்போது வண்டு போல மெல்ல ‘ம்ம்ம்’ என்று முனகுங்கள், அதுதான் பிராமரி. கால் மணி நேரம் படுத்திருங்கள். எழும்போது கையை ஊன்றி மெதுவாக.

கபாலபாதி, பஸ்திரிகா மாதிரி வேகமான மூச்சுப் பயிற்சி, தலைகீழ் ஆசனம், குப்புறப் படுப்பது எதுவும் வேண்டாம்.

விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீரென்று முகமோ கையோ வீங்குவது, இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மூடுபனி இறங்கிவிட்டால் மலைப்பாதையில் வண்டி வரவே நேரமாகும். பிரசவம் முடிந்த பிறகு வந்தாலும் இப்படியேதான்.