ஹைபிரிட் காரின் பேட்டரிப் பழுதைக் கண்டறியும் முறை

2011 முதல் 2013 இறுதி வரை 2000 சிசிக்குட்பட்ட ஹைபிரிட் கார்களுக்கு மலேசிய அரசு வரிவிலக்கு அளித்தது. அக்காலத்தில் நகரங்களில் விற்பனையான பிரியஸ், பிரியஸ் சி, ஜாஸ் ஹைபிரிட் கார்கள் இன்று கைமாறிக் கைமாறி, குறைந்த விலையில், சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. பத்தாண்டைக் கடந்த கார்களில் எச்சரிக்கை விளக்கு எரிவது வியப்பன்று. ஆனால் விளக்கு எரிந்ததுமே, காரை ஓட்டும் மின்மோட்டாருக்கு மின்சாரம் தரும் பெரிய பேட்டரிக்குப் பல ஆயிரம் வெள்ளியை எடுத்து வைப்பது அவசரம்.

முதலில் பார்க்க வேண்டியது 12 வோல்ட் சிறிய பேட்டரியைத்தான். இரவு முழுதும் நின்ற காரில் காலையில் அளந்தால், நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழிருந்தால், அதைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு சோதிப்பதில் பயனில்லை. மின்னழுத்தம் தளரும்போது காரின் கணினிகள் சம்பந்தமில்லாத பழுதுக் குறியீடுகளையெல்லாம் பதிந்து வைக்கும். 'ரெடி' விளக்கு எரியும் நிலையில் அதே முனைகளில் ஏறத்தாழ 14 வோல்ட் வராவிட்டால், பெரிய பேட்டரியிலிருந்து சிறிய பேட்டரிக்கு மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் டிசி-டிசி மாற்றியைச் சந்தேகிக்கலாம்.

அடுத்தது ஸ்கேனர். இணையத்தில் கிடைக்கும் மலிவான கருவிகளுள் பல எஞ்சின் கணினியை மட்டுமே படிக்கும். ஹைபிரிட் கணினியைப் படிக்கும் கருவிதான் இங்குத் தேவை. டொயோட்டாவில் பி0ஏ80 என்று வந்தால் பேட்டரித் தொகுதிகளுக்கிடையே ஏற்றத்தாழ்வு உள்ளது என்று பொருள். குறியீட்டை அழிப்பதற்கு முன், பழுது பதிவான நேரத்து வேகம், வெப்பநிலை, மின்னிருப்பு ஆகியவற்றையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

பேட்டரியைத் திறக்கும் முன் அதன் விசிறியைப் பாருங்கள். பிரியஸ் காரின் பேட்டரி, பின்னிருக்கையின் ஓரத்திலுள்ள துளை வழியாகக் காருக்குள்ளிருக்கும் காற்றை இழுத்தே குளிர்கிறது. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டப்படும் காரில், அந்த விசிறியின் இதழ்களில் புழுதி அடையாகப் படிந்திருக்கும். துளையின் மேல் பையையோ துணி மூட்டையையோ வைக்கும் பழக்கமும் பேட்டரியைச் சூடாக்கிவிடும். விசிறியைக் கழற்றிச் சுத்தம் செய்தபின் வெப்ப உணரிகளின் அளவு இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

சோதனையின் உயிர்நாடி, சுமையின்போது தொகுதிகளின் மின்னழுத்தத்தை ஒப்பிடுவதாகும். மூன்றாம் தலைமுறை பிரியஸில் மாட்யூல் எனப்படும் 7.2 வோல்ட் சிறு பேட்டரிகள் 28 இருக்கின்றன. கணினி அவற்றை இரண்டிரண்டாக 14 தொகுதிகளாகக் கண்காணிக்கிறது. நின்ற நிலையில் தளர்ந்த மாட்யூலும் நல்லதைப் போலவே காட்டுவதால், நிற்கும் காரில் எடுத்த அளவை மட்டும் நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. இன்னொருவர் திரையைப் பார்க்க, மேட்டில் ஏறும்போதும் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போதும் அளவைக் கவனியுங்கள். ஒரே தொகுதி, ஏற்றத்தில் மற்றவற்றைவிட ஆழமாக விழுந்து, இறக்கத்தில் மற்றவற்றைவிட உயரத் தாவினால், அதன் கொள்ளளவு போய்விட்டது எனலாம். வித்தியாசம் 0.3 வோல்ட்டுக்குள் அடங்கினால் கவலையில்லை. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் ஐயமில்லை.

பேட்டரியைத் திறப்பது, பயிற்சி பெற்றவர் மட்டுமே செய்ய வேண்டிய வேலை. சாவியை அப்புறப்படுத்தி, சிறிய பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, 1000 வோல்ட் தாங்கும் கையுறையுடன் பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புச் செருகியை உருவிய பின்னும், மின்தேக்கிகள் வடிவதற்குப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அப்போதும் பேட்டரிக்குள் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். திறந்தவுடன் மாட்யூலைக் குறை சொல்லாமல், அவற்றை இணைக்கும் செம்புத் தகடுகளில் பச்சை பூத்திருக்கிறதா, அளவிடும் கம்பிகள் அரித்திருக்கின்றனவா என்று பாருங்கள். நம் நாட்டு ஈரக்காற்றில் இது சாதாரணம். தகட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்ததிலேயே குறியீடு மறைவதுண்டு.

ஒரேயொரு மாட்யூலை மாற்றித் தரும் மலிவு வேலையை நான் பரிந்துரைப்பதில்லை. அதே வயதுடைய மற்றவையும் தளர்ந்திருக்கும். சில மாதங்களில் அடுத்தது விழும். கொள்ளளவு அளந்து பொருத்தம் பார்த்துச் சேர்த்த முழுத் தொகுப்பே கட்டுப்படியாகும்.

பி0ஏஏ6 வேறு வகை: உயர் மின்னழுத்தம் காரின் உடலுக்குக் கசிகிறது. இதனுடன் வரும் துணைக் குறியீடு 611 என்றால் ஏர்கோன் கம்ப்ரசர், 612 என்றால் பேட்டரி, 613 என்றால் கியர்பெட்டியிலுள்ள மோட்டார். ஏர்கோனைப் போட்டதும் பழுது தோன்றினால், அண்மையில் ஏர்கோனுக்குக் குளிர்வாயு நிரப்பியவர் என்ன எண்ணெய் ஊற்றினார் என்று விசாரியுங்கள். மின்கம்ப்ரசருக்குரிய எஸ்டர் வகை எண்ணெய்க்குப் பதிலாகச் சாதாரண எண்ணெய் கலந்தால் மின்காப்பு குலைந்துவிடும். இந்தக் கசிவைச் சாதாரண மல்டிமீட்டரால் அளக்க இயலாது. மின்காப்பு அளக்கும் கருவி வேண்டும்.

முழு மின்கார்களில் பட்டறையின் வேலை குறைவு. இவற்றுள் சிலவற்றின் பேட்டரியிலுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் கலங்களின் மின்னழுத்தம் நடுநிலையில் ஏறக்குறைய மாறாதிருப்பதால், ஏற்றத்தாழ்வு மின்னிருப்பு மிகக் குறைந்த நிலையிலோ முழுமையாக நிரம்பிய நிலையிலோதான் வெளிப்படும். தூரம் குறைந்ததாகத் தோன்றினால், முதலில் நூறு விழுக்காடு வரை நிதானமாகச் சார்ஜ் செய்து, கணினி தன் கணக்கைத் திருத்திக்கொள்ள விடுங்கள். அதன் பின்னும் ஒரு கலம் தனித்து நின்றால், உறையைத் திறக்காமல், அளவுகளை எழுதிக்கொண்டு உத்தரவாதத்தின்கீழ் விற்பனை நிலையத்திடம் ஒப்படைக்க வேண்டும்.