ஹார்ட் டிஸ்க்கைக் கணினி கண்டுகொள்ளவில்லையா? எங்கே தொடர்பு அறுந்தது என்று கண்டுபிடிக்கும் வழி

கணினியை ஆன் செய்ததும் விண்டோஸ் வராமல், பூட் செய்ய டிஸ்க் எதுவும் இல்லை என்று கறுப்புத் திரையில் ஒரு வரி மட்டும் வந்து நிற்கலாம். அல்லது விண்டோஸ் வழக்கம்போல் திறந்து, படங்களையும் கோப்புகளையும் வைத்திருந்த இரண்டாவது டிஸ்க் மட்டும் காணாமல் போயிருக்கலாம். இரண்டுமே வயிற்றைக் கலக்குகிற காட்சிகள்தான். ஆனால் டிஸ்க் தெரியவில்லை என்பதாலேயே அது செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு கேபிள் தளர்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். டிஸ்க்கைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம், அதற்குள் இருப்பதை வாங்க முடியாது. ஆகவே பார்மட் செய்யலாமா, இனிஷியலைஸ் (புது டிஸ்க்கைப் போலத் தயார்ப்படுத்துவது) செய்யலாமா என்று விண்டோஸ் எத்தனை முறை கேட்டாலும் இப்போதைக்கு 'வேண்டாம்' என்றே சொல்லுங்கள்.

படி 1: காது கொடுத்துக் கேளுங்கள்

கேபினெட்டுக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு கணினியை ஆன் செய்யுங்கள். நல்ல ஹார்ட் டிஸ்க் மெல்லிய முனகலுடன் சுழலத் தொடங்கி, சில விநாடிகளில் ஒரே சீராக ஓடும். நடுவே ஓரிரு சிறு சத்தங்கள் கேட்பது இயல்பு. ஆனால் 'டக்… டக்… டக்…' என்று ஒரே தாளத்தில் திரும்பத் திரும்பக் கேட்டால் உடனே பவரை நிறுத்திவிடுங்கள். படிக்கும் முனை, தட்டில் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கிறது என்று பொருள். அந்த முனை தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. அது தட்டில் உரசினால் தகவல் இருந்த பூச்சே சுரண்டப்பட்டுவிடும். முக்கியமான தகவல் உள்ளே இருந்தால், இதற்கு மேல் எந்தச் சோதனையும் செய்யாமல் தகவல் மீட்புச் சேவையிடம் கொடுங்கள். டிஸ்க்கை ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்று சொல்வார்கள், செய்யாதீர்கள். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும்.

சத்தமே இல்லை என்றால் மின்சாரம் போய்ச் சேரவில்லை என்று முதலில் சந்தேகப்படுங்கள். சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு எப்போதும் சத்தம் கிடையாது. அதை வைத்திருப்பவர்கள் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 2: பயாஸில் பெயர் இருக்கிறதா?

வழி இரண்டாகப் பிரியும் இடம் இது. ஆன் செய்தவுடன் டெலீட் அல்லது எஃப்2 விசையை விடாமல் தட்டுங்கள். பெரும்பாலான மதர்போர்டுகளில் பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அமைப்புத் திரை, திறந்துவிடும். சாட்டா (டிஸ்க்கை மதர்போர்டில் இணைக்கும் முறை) அல்லது ஸ்டோரேஜ் என்று இருக்கும் பக்கத்தில், ஒவ்வொரு போர்ட்டிலும் எந்த டிஸ்க் இருக்கிறது என்று மாடல் எண்ணோடு காட்டும்.

அங்கே பெயர் இருந்தால் மின்சாரமும் கேபிளும் அநேகமாகச் சரி. டிஸ்க்கைத் திறந்து படிப்பதில்தான் சிக்கல். நேரே படி 6-க்குப் போங்கள். பெயர் இல்லையென்றால் விண்டோஸுக்குள் என்ன செய்தாலும் பயனில்லை. கேபினெட்டைத் திறக்க வேண்டியதுதான்.

படி 3: கேபிள்கள்

சுவிட்சை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். எது எங்கே செருகியிருந்தது என்று கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது.

சாட்டா டிஸ்க்குக்கு இரண்டு கேபிள்கள். குறுகலானது தகவலுக்கு, 7 முனைகள் கொண்டது. அகலமானது மின்சாரத்துக்கு, 15 முனைகள். இரண்டையும் கழற்றி, டிஸ்க்கின் வாயை வெளிச்சத்தில் பாருங்கள். 'எல்' வடிவத்தில் மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். கேபிளைச் சாய்த்து இழுத்தால் உடைவது அதுதான். உடையாமல் இருந்தால் நேராகப் பிடித்து, முழுதாக உட்காரும்வரை செருகுங்கள்.

பிறகும் தெரியாவிட்டால் தகவல் கேபிளை மாற்றுங்கள். அடுத்து மதர்போர்டில் வேறு போர்ட், அதற்கடுத்து பவர் சப்ளையிலிருந்து வரும் வேறொரு பிளக். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு பயாஸைப் பாருங்கள். மூன்றையும் சேர்த்து மாற்றினால் கோளாறு எதில் இருந்தது என்று கடைசிவரை தெரியாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதை அறியாமல் நல்ல டிஸ்க்கைக் கருக்கிக்கொண்டவர்கள் உண்டு. கேபிள்களைக் கழற்றி மாட்டும் வகைப் பவர் சப்ளையில், வேறொரு பவர் சப்ளையின் கேபிளைச் செருகவே கூடாது. பிளக் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் உள்ளே கம்பிகளின் வரிசை வேறாக இருக்கலாம். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் டிஸ்க்கின் சர்க்யூட் அந்த நொடியிலேயே எரிந்துவிடும்.

அண்மையில் எம்.2 எஸ்எஸ்டி (கேபிள் இல்லாமல் மதர்போர்டிலேயே செருகும் சிறு பட்டை) ஒன்றைப் பொருத்தினீர்களா? பல மதர்போர்டுகளில் அந்த ஸ்லாட்டை நிரப்பினால் ஓரிரு சாட்டா போர்ட்டுகள் தாமாகவே செயலிழக்கும். எவை என்பது மதர்போர்டின் கையேட்டில் இருக்கும். கோளாறே இல்லாத டிஸ்க்கை வைத்துக்கொண்டு நாள்கணக்கில் அல்லாட வைக்கும் காரணம் இது.

புதிதாக வாங்கிய பெரிய கொள்ளளவு டிஸ்க் சுழலவே இல்லையா? சில மாடல்கள் மின் இணைப்பின் 3-ஆம் முனையில் 3.3 வோல்ட் வந்தால் 'அணைந்திரு' என்று எடுத்துக்கொள்ளும். பழைய பவர் சப்ளைகள் அந்த மின்சாரத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். 3.3 வோல்ட் கம்பி இல்லாத கேபிளில் மாட்டினால் ஓடிவிடும்.

படி 4: பயாஸ் அமைப்புகள்

அந்த சாட்டா போர்ட் முடக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கணினியின் கடிகாரம் ஒவ்வொரு முறையும் பின்னோக்கிப் போகிறது என்றால், மதர்போர்டில் நாணயம் போல இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கலாம். அது தீர்ந்தால் அமைப்புகளும் பழைய நிலைக்குத் திரும்பக்கூடும். சாட்டா மோடை (டிஸ்க்குடன் மதர்போர்டு பேசும் முறை) ஏஎச்சிஐ, ரெய்டு என்று கண்டபடி மாற்றிப் பார்க்காதீர்கள். விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடலாம். மாற்றியிருந்தால் முன்பிருந்த நிலைக்கே கொண்டுவாருங்கள்.

படி 5: வேறு கணினியில்

டிஸ்க்கை இன்னொரு கணினியில் மாட்டிப் பாருங்கள். யுஎஸ்பி அடாப்டர் வழியாகவும் பார்க்கலாம். ஆனால் 3.5 அங்குல டிஸ்க்கின் மோட்டாருக்கு 12 வோல்ட் வேண்டும், சாதாரண யுஎஸ்பி தருவது 5 வோல்ட். ஆகவே தனி மின் இணைப்புள்ள அடாப்டர்தான் உதவும். அங்கேயும் தெரியவில்லை என்றால் பழுது டிஸ்க்கில்தான்.

படி 6: விண்டோஸுக்குள்

விண்டோஸ் விசையுடன் எக்ஸ் விசையை அழுத்தி, டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். டிஸ்க் இருந்து, டி, இ போன்ற எழுத்து மட்டும் இல்லையென்றால், ரைட் கிளிக் செய்து டிரைவ் லெட்டர் ஒன்றைக் கொடுத்தால் முடிந்தது. 'ஆஃப்லைன்' என்றிருந்தால் அதே போல் ஆன்லைன் ஆக்குங்கள்.

'நாட் இனிஷியலைஸ்டு' என்று காட்டுவது புது டிஸ்க் என்றால் ஜிபிடி வகையை (டிஸ்க்கின் பிரிவுகளைக் குறித்துவைக்கும் புதிய முறை) தேர்ந்து தொடரலாம். பழைய எம்பிஆர் முறை 2 டெராபைட்டுக்கு மேல் பயன்படுத்த விடாது. தகவல் இருந்த பழைய டிஸ்க் இப்படிக் காட்டினாலோ, 'ரா' (உள்ளிருக்கும் கோப்பு அமைப்பை விண்டோஸால் அடையாளம் காண முடியவில்லை) என்று காட்டினாலோ கையை எடுத்துவிடுங்கள். முதலில் மீட்பு மென்பொருளால் தகவலை வேறு டிஸ்க்குக்கு எடுக்க வேண்டும்.

விண்டோஸை நிறுவும்போது மட்டும் டிஸ்க் தெரியாத சிக்கலும் உண்டு. இன்டெல் கணினிகளில் டிஸ்க்குகளை நிர்வகிக்கும் விஎம்டி என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தால் இப்படி ஆகும். மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து ஸ்டோரேஜ் டிரைவரைப் பென்டிரைவில் எடுத்து, 'லோட் டிரைவர்' வழியாகக் கொடுங்கள்.

படி 7: கிடைத்துவிட்டது என்றால்

முதல் வேலை, நகலெடுப்பது. நகலெடுக்கும் முன் செக்டிஸ்க் (டிஸ்க்கின் பிழைகளைச் சரிபார்க்கும் விண்டோஸ் கருவி) ஓட்ட வேண்டாம். நலிந்த டிஸ்க்கை அது மேலும் வாட்டும். நகல் பத்திரமான பிறகு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற மென்பொருளில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். பழுதான இடங்களைக் குறிக்கும் 05, சி5 ஆகிய வரிகளில் எண்கள் ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை இனி நம்பாதீர்கள். தகவல் பரிமாற்றப் பிழைகளைக் குறிக்கும் சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி. அந்த எண் ஒருபோதும் குறையாது. புதுக் கேபிள் மாட்டிய பிறகு ஏறாமல் நின்றால் போதும்.