சிறை ஆய்வுக்குப் புதிதாகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

சுதந்திரக் கண்காணிப்புக் குழுவில் புதிதாகச் சேர்கிறவர்களோடு உள்ளே போனால், தொடக்கத்தில் நாங்கள் சொதப்பிய அதே இடங்களில்தான் அவர்களும் சொதப்புகிறார்கள். செல்போன், அடையாள அட்டை சமாசாரமெல்லாம் வாசலிலேயே சரியாகிவிடும். அதை விடுங்கள்.

தேதி சொல்லிவிட்டுப் போவது

முந்தின நாளே தனிமை அறைகள் காலியாகியிருக்கும். முன்னறிவிப்பின்றிப் போகும் உரிமை, கைதிகளை நடத்தும் முறைக்கான ஐநாவின் குறைந்தபட்ச விதிகளான மண்டேலா விதிகளிலேயே (விதி 84) இருக்கிறது.

ஒருவர் சொன்னதை அன்றைக்கே போய்க் கேட்பது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒரு புதியவர், ஒரே கைதியின் அறையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினார். மற்றவர்களுக்கு ஒரு தலையசைப்போடு சரி. இரவுப் பணியில் இருப்பவர் அடிக்கிறார் என்பது புகார். வெளியே வந்ததும் நேரே சிறைக் கண்காணிப்பாளர் அறைக்குப் போய், "இந்த பிளாக்கில் ராத்திரியில் அடிக்கிறார்களாமே?" என்றார்.

பெயரைச் சொல்லவில்லையே என்று அப்புறம் வாதம் வேறு. அரை மணி நேரம் யாரோடு பேசினார் என்று வராந்தாவில் நின்ற காவலருக்குத் தெரியாதா? அடுத்த முறை போனபோது அந்தக் கைதி வேறு பிளாக்கில் இருந்தார். பதிவேட்டில் 'நிர்வாகக் காரணம்'. அவர் எங்களிடம் வாயே திறக்கவில்லை. பழைய பிளாக்கிலும் யாரும் பேசவில்லை.

ஆய்வாளரிடம் பேசியதற்காக யாரையும் தண்டிக்கக் கூடாது என்கிறது, சித்திரவதைக்கு எதிரான ஐநா உடன்படிக்கையின் 2002ஆம் ஆண்டு விருப்ப நெறிமுறை (நாடுகள் விரும்பினால் சேரும் துணை ஒப்பந்தம்). இடமாற்றம் என்று எழுதிவிட்டால் அதைத் தண்டனை என்று நிரூபிப்பது யார்?

அதனால் அந்த பிளாக்கில் பலரிடம், ஏறக்குறைய ஒரே அளவு நேரம் பேசுங்கள். யாரிடம் பேசுவது என்பதை நீங்களே தேர்ந்தெடுங்கள். சொன்னவர் சம்மதம் இல்லாமல் புகாரை எங்கும் எடுத்துப் போகாதீர்கள். காயப் பதிவேடு, மருத்துவக் குறிப்பு, பணி அட்டவணை மூன்றையும் வைத்துப் பார்த்தால், யாரையும் காட்டிக்கொடுக்காமல் அதே கேள்வியை எழுப்ப முடியும்.

பதிவேட்டில் தேதிகளை மட்டும் பார்ப்பது

நாளுக்கு 22 மணி நேரமோ அதற்கு மேலோ, அர்த்தமுள்ள மனிதத் தொடர்பின்றி அடைத்து வைப்பது தனிமைச் சிறை. மண்டேலா விதிகளின்படி அது தொடர்ந்து 15 நாளைத் தாண்டக் கூடாது. 14ஆம் நாள் வெளியே, மறுநாளே திரும்ப உள்ளே என்று எழுதியிருந்தால், அந்த ஒரு இரவு எங்கே படுத்தார் என்று கேளுங்கள்.

வாக்குறுதி கொடுப்பது

கொடுக்காதீர்கள்.

திரும்பப் போகாமல் இருப்பது

போன முறை பேசியவர்கள் எந்த அறையில் இருக்கிறார்கள், குடும்பத்தார் சந்திப்பு நின்றிருக்கிறதா, வேலை மாறியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். புதுப் புகார்களை அதற்கப்புறம் கேட்கலாம்.