பழைய வணிகக் கட்டடத்தைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜார்ஜ் டவுனிலோ அண்ணா சாலையிலோ நிற்கும் பழைய கடைக் கட்டடம் ஒன்றைப் பாரம்பரியக் கட்டடமாக அறிவிக்கச் செய்ய வேண்டும் என்று கோப்பும் கையுமாக வரும் இளைஞர்கள் சென்னையில் இப்போது கூடியிருக்கிறார்கள். அதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆனால் கோப்பைப் பிரித்தால், இந்த வேலைக்கு வந்த புதிதில் நாங்கள் செய்த அதே பிழைகள் வரிசையாக நிற்கின்றன. புகைப்படம் போதவில்லை, கையெழுத்து விட்டுப்போனது போன்றவற்றை யாரும் சொல்லாமலே நீங்கள் சரிசெய்துகொள்வீர்கள். கட்டடத்தையே பறிகொடுக்க வைக்கும் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

நிறுவனத்தின் வயதைக் கட்டடத்தின் வயதாக எழுதுவது

அண்ணா சாலையில் உள்ள ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் தொடங்கியது 1844-இல். இன்று நாம் படியேறிச் செல்லும் கட்டடம் 1904-ஐச் சேர்ந்தது. இடையில் அறுபது ஆண்டுகள். பல பழைய கடைகளின் பெயர்ப்பலகையில் இருப்பது வணிகம் தொடங்கிய ஆண்டுதான். அதை அப்படியே விண்ணப்பத்தில் ஏற்றிவிட்டு, ஆட்சேபம் தெரிவிக்கும் வழக்கறிஞர் அது தவறு என்று காட்டிவிட்டால், நீங்கள் உழைத்துச் சேர்த்த மற்ற பக்கங்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

தாய்ப் பத்திரத்திலிருந்து தொடங்குங்கள். பிறகு எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போய், எந்த வணிகம் எந்தத் தெருவில் நடந்தது என்று சொல்லும் அசைலம் பிரஸ் அல்மனாக் தொகுதிகளைக் கேளுங்கள். சுதேசமித்திரன் போன்ற பழைய இதழ்களில் வந்த கடை விளம்பரங்களில் முகவரியும், சில வேளைகளில் கட்டடத்தின் படமும் கிடைக்கும். தேடும்போது தெருக்களின் பழைய பெயர்களைக் கையில் வைத்திருங்கள்: பிரகாசம் சாலை அன்று பாப்ஹாம்ஸ் பிராட்வே, ராஜாஜி சாலை அன்று ஃபர்ஸ்ட் லைன் பீச். கதவு எண்ணை நம்பவே வேண்டாம். ஒரே வாசலுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும் ஊர் இது. நகர சர்வே எண்ணை எழுதுங்கள்.

தொல்லியல் துறையிடம் போய் நிற்பது

மத்தியத் தொல்லியல் துறையின் 1958-ஆம் ஆண்டுச் சட்டம், குறைந்தது நூறு ஆண்டுப் பழமையும் தேசிய முக்கியத்துவமும் கொண்ட சின்னங்களுக்கானது. 2010-இல் வந்த திருத்தத்தின்படி அத்தகைய சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். பழைய துணிக்கடைக்கும் மருந்துக் கிடங்குக்கும் நாம் கேட்பது இதுவன்று. நகரத் திட்டமிடலின் கீழ் வரும் உள்ளூர்ப் பட்டியலுக்கு அப்படிப்பட்ட சுற்றுவட்டத் தடை கிடையாது. பட்டியலில் உள்ள கட்டடத்தை இடிக்கவோ மாற்றவோ முன் அனுமதி வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

இந்த வேறுபாட்டைச் சொல்லாமல், "தொல்லியல் சட்டப்படி காக்க வேண்டும்" என்று ஒரு குழுவினர் கடைத்தெருவில் துண்டறிக்கை கொடுத்தார்கள். தெரு முழுக்கக் கடைக்காரர்கள் பதறிப்போனார்கள். தன் கடைக்கு மாடி எடுக்க முடியாது என்று நினைத்துக்கொண்ட பக்கத்துக் கடைக்காரர்தான் கடைசிவரை முதல் எதிரியாக இருந்தார். சென்னையில் நீங்கள் போக வேண்டிய இடம் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புக் குழு. 2012-இல் நிறைவேறி, நீண்ட காலம் கிடப்பில் இருந்து, 2024-இல் நடைமுறைக்கு வந்த மாநிலப் பாரம்பரிய ஆணையச் சட்டத்தையும் படித்துவிட்டுப் போங்கள்.

முகப்பை மட்டும் எழுதுவது

இதைப் பற்றிப் பேசும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. மற்ற தவறுகளைத் திருத்தலாம், மறுபடி விண்ணப்பிக்கலாம். இந்தத் தவறு விண்ணப்பம் வெற்றி பெற்ற பிறகுதான் வெளியே தெரியும்.

ஜார்ஜ் டவுனில் ஒரு மொத்த வியாபாரக் கட்டடம். முன்னால் கடை, மேலே அலுவலகம். நடுவில் வெளிச்சம் விழும் முற்றம். அதைத் தாண்டினால் வார்ப்பிரும்புத் தூண்கள் தாங்கும் நீண்ட கிடங்கு. அதன் கூரை மெட்ராஸ் டெர்ரஸ்: தேக்கு விட்டங்களின் மேல் செங்கற்களைச் சுண்ணாம்பில் செங்குத்தாக அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லிக் காரை போட்டுச் செய்தது. பின்சந்தில் சரக்கு இறக்கும் அகன்ற கதவு, அதற்கு மேலே கப்பி மாட்டிய உத்திரம். கணக்குப்பிள்ளைகள் உட்கார்ந்து எழுதிய மர மேடைகூட அப்படியே இருந்தது. அக்கறையுள்ள ஒரு குழு விண்ணப்பம் தயாரித்தது. வளைவுகள், சுதை வேலைப்பாடு, சாளர விசிறிகள், இந்தோ சாரசெனிக் சாயல் என்று முகப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். கிடங்கைப் பற்றி ஒரு வரி இல்லை. எல்லை என்ற இடத்தில் கதவு எண் மட்டும்.

பின்னால் என்ன நடந்தது என்பதை ஊகிக்க முடியும். உரிமையாளர் தரப்பு "பின்புறக் கொட்டகைகளை" அகற்ற அனுமதி கேட்டது. கோப்பைப் பார்த்த அதிகாரி, "உங்கள் விண்ணப்பத்திலேயே அதற்கு மதிப்பு இருப்பதாகச் சொல்லவில்லையே" என்றார். அவர் சொன்னதில் தவறு காண முடியவில்லை. தூண்கள் பழைய இரும்பு விலைக்குப் போயின. தேக்கு விட்டங்கள் அதைவிட நல்ல விலைக்குப் போயின. முகப்பு இன்றும் நிற்கிறது, பின்னால் கண்ணாடிக் கட்டடம். பாரம்பரியத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று சிலர் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தப் பக்கம் போகவே மனம் வருவதில்லை.

வணிகக் கட்டடம் மாளிகையைப் போலப் பார்வைக்காகக் கட்டப்பட்டதன்று. சென்னைக்கு ஒழுங்கான துறைமுகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அமைந்தது. அதுவரை சரக்கு மசூலாப் படகுகளில் அலையைக் கடந்து கரையேறி, கடற்கரையை ஒட்டிய கிடங்குகளுக்குப் போனது. எடை போட்டது, இருப்பு வைத்தது, கணக்கு எழுதியது, வண்டியேற்றியது எல்லாம் பின்கட்டில். முன்கடை அந்த உழைப்பு பணமாகும் இடம். பின்கட்டை விட்டுவிட்டு அந்தக் கட்டடத்தின் வரலாற்றை எழுதவே முடியாது.

பெயர் பெற்ற கட்டடங்களுக்கும் இதே ஆபத்து உண்டு. அண்ணா சாலையில் பி. ஓர் அண்ட் சன்ஸ் கடிகாரக் கடையின் பின்பகுதி மெட்ரோ ரயில் பணிக்காக இடிக்கப்பட்டு, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. அவ்வளவு புகழ் இல்லாத கிடங்குக்காக யார் வழக்குப் போடுவார்கள்?

ஆகவே மனை முழுவதற்கும் வரைபடம் போடுங்கள். ஒவ்வொரு பகுதியும் எந்தக் காலத்தில் எழுந்தது என்று வேறு வேறு நிறத்தில் காட்டுங்கள். பக்கத்து மனையோடு பொதுச் சுவர் இருந்தால் அதைக் குறியுங்கள். ஜார்ஜ் டவுனில் பெரும்பாலும் இருக்கும். மாடிப்படி, கூரை, தரை, தூணில் வார்ப்பாலை பொறித்த பெயர், சரக்குக் கதவு, பின்சந்து வழி, காரையில் புடைத்து எழுதிய பழைய கடைப் பெயர் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

கூடவே, எது மதிப்பில்லாதது என்பதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். இதைப் புதியவர்கள் செய்யத் தயங்குகிறார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பின்னாளில் செருகிய இடைத்தளம், முற்றத்தை அடைத்துக் கட்டிய கழிவறை ஆகியவை போகட்டும். அவற்றை விட்டுக்கொடுத்தால் உரிமையாளருக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது. எல்லாமே புனிதம் என்று எழுதும் விண்ணப்பத்தை விட இதற்குக் குழுவில் மரியாதை கூடுதல்.

செய்தியாளரை முதலில் அழைப்பது

தடையாணை கையில் இல்லாமல் அழைக்காதீர்கள். செய்தி வந்ததும் உரிமையாளர் முந்திக்கொள்வார்; இடிப்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

"இடிந்து விழும் நிலை" என்ற காகிதத்தை ஏற்றுக்கொள்வது

சென்னையின் பாரம்பரியப் பட்டியல் முறைக்கு வழிவகுத்ததே ஒரு வணிகக் கட்டடம்தான். டபிள்யூ. இ. ஸ்மித் என்ற மருந்து நிறுவனம் 1897-இல் கட்டி முடித்த கார்டில் பில்டிங், பின்னர் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடமாகி, காப்பீடு நாட்டுடைமையானபோது எல்.ஐ.சி.க்கு வந்தது. பாதுகாப்பற்றது என்று சொல்லி 2006-இல் இடிக்கத் தொடங்கினார்கள். பாரம்பரியப் பாதுகாப்புக்காக இயங்கும் இன்டாக் அமைப்பு நீதிமன்றம் சென்று தடை வாங்கியது. 2010-இல் வந்த தீர்ப்பு, பாரம்பரியக் கட்டடங்களுக்கான குழுவையும், நானூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களின் பட்டியலையும் நகரத்துக்குத் தந்தது. மும்பையில் வாட்சன் ஹோட்டலுக்கும் இதே கதை. இங்கிலாந்தில் வார்த்துக் கொண்டுவந்த இரும்புச் சட்டகத்தில் 1860-களில் எழுந்த அந்தக் கட்டடத்தை ஒரு நிபுணர் குழு இடிக்கச் சொன்னது. வேறு பொறியாளர்கள் மீட்க முடியும் என்றார்கள்.

பொறியாளரின் அறிக்கை என்பது கருத்து. அதற்கு எதிர்க்கருத்து வாங்கலாம். ஆனால் கான்கிரீட் மட்டுமே தெரிந்தவரிடம் வாங்காதீர்கள். சுண்ணாம்பும் மரமும் தெரிந்தவர் முதலில் விட்டத்தின் முனைகளைத்தான் பார்ப்பார். சுவருக்குள் புதைந்திருக்கும் அந்தப் பகுதியில் மழைநீர் இறங்கி மரம் உளுத்திருக்கும், மீதி விட்டம் உறுதியாக இருக்கும். முனையை வெட்டி ஒட்டுப்போட்டால் கூரை நிற்கும். மாடியில் முளைத்த அரசங்கன்றும் அடைபட்ட மழைநீர்க் குழாயும்தான் பல "அபாயகரமான" கட்டடங்களின் நோய். அந்த அறிக்கையை விண்ணப்பத்தோடு சேர்த்தே கொடுங்கள். இடிப்பு அறிவிப்பு வந்த பிறகு பொறியாளரைத் தேடினால் நாள் போதாது.

சிமெண்ட் பூச்சு

ஆய்வுக்கு முன் "அழகாக" வைக்கிறேன் என்று பூசாதீர்கள். சுண்ணாம்புச் சுவரில் ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும்.

பணம் வரும் என்று வாக்களிப்பது

பட்டியலில் ஏறினால் பணம் கிடைக்கும் என்று உரிமையாளரிடம் சொல்லாதீர்கள். உங்களிடம் இல்லாததை வாக்களிக்க முடியாது.

கடைக்காரர்களை மறப்பது

பழைய வணிகக் கட்டடத்தில் உரிமையாளர் ஒருவராக இருப்பது அரிது. பங்காளிகள் பலர், அல்லது அறக்கட்டளை. கீழே இரண்டு மூன்று தலைமுறையாக வாடகைக்கு இருக்கும் கடைகள். விண்ணப்பக்காரர்கள் முதலில் பேச வரும் ஒரு பங்காளியோடு பேசி முடித்துவிடுகிறார்கள். ஆட்சேபம் கேட்கும் நாளில் மற்ற பங்காளிகளின் வழக்கறிஞர்கள் வந்து நிற்கும்போதுதான் விழிக்கிறார்கள். வில்லங்கச் சான்றில் உள்ள எல்லாப் பெயர்களுக்கும் கடிதம் எழுதுங்கள்.

வாடகைக் கடைக்காரர்களுக்கு உள்ள அச்சம் வேறு. பட்டியலில் ஏறினால் பழுது பார்க்கிறேன் என்ற பெயரில் தங்களை வெளியேற்றிவிடுவார்களோ என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. பழுதை ஒவ்வொரு கட்டாகச் செய்யலாம், கடை ஓடிக்கொண்டே வேலை நடக்கலாம் என்று பொறியாளரின் அறிக்கையிலேயே எழுதி வாங்குங்கள். அவர்களிடம் பழைய வாடகை ரசீதுகளும் பேரேடுகளும் திறப்பு விழா அழைப்பிதழ்களும் இருக்கும். ஆவணக் காப்பகத்தில் கிடைக்காத சான்றுகள் அவை. நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆட்சேபக் கூட்டத்துக்கு அவர்களில் ஒருவரையாவது அழைத்துப்போய், அந்தக் கிடங்கில் என்ன நடந்தது என்பதை அவர் வாயாலேயே சொல்லவையுங்கள்.