ஸ்கேல் வேற, கேஜ் வேற: மாடல் கோச்சி (குட்டி ரயில்) வாங்குறதுக்கு முன்னாடி இத பாத்துருங்க

மொதல்ல நான் மாட்டிக்கிட்ட கதைய சொல்லிர்றேன். ஒரு ஆன்லைன் கடையில என்ஜின், இன்னொரு கடையில ரெண்டு பெட்டி, எல்லாத்துலயும் 16.5 மில்லிமீட்டர் கேஜ்னு போட்டிருந்துச்சு, சரி ஒரே தண்டவாளத்துல ஓடும்தானேன்னு வாங்கிட்டேன். ஓடுச்சு, அதுல குறையில்ல. ஆனா கோர்த்து வச்சு பார்த்தா பெட்டி தாட்டியா நிக்குது, என்ஜின் அதுக்கு முன்னாடி சின்னப்பய மாதிரி இருக்கு. என்ஜின் எச்ஓ (HO), பெட்டி டபுள் ஓ (OO), ரெண்டும் வேற வேற ஸ்கேலோட பேரு. பொட்டியில எழுதியிருந்தது கேஜ் மட்டும்தான், ஸ்கேல நான் தேடவே இல்ல.

ஸ்கேல்னா நிஜத்த எத்தன மடங்கு சுருக்கியிருக்காங்கன்றது. கேஜ்னா ரெண்டு தண்டவாளத்தோட உள்பக்கத்துக்கு நடுவுல இருக்குற தூரம். எச்ஓ 1:87, டபுள் ஓ 1:76, என் (N)னு சொல்ற ஸ்கேல் 1:160 (பிரிட்டிஷ்காரன் செய்ற என் மட்டும் 1:148, இதுலயும் கவனம்). 174 சென்டிமீட்டர் ஆள எச்ஓவுல 20 மில்லிமீட்டர்ல செய்வாங்க, டபுள் ஓவுல கிட்டத்தட்ட 23, என்ல 11. சந்தேகம்னா கதவு பக்கத்துல ஒரு ஆள் பொம்மைய நிறுத்தி பாருங்க, தலை இடிக்குதா இல்ல கதவு கோயில் வாசல் மாதிரி இருக்கான்னு உடனே தெரிஞ்சிரும்.

அப்ப எச்ஓவும் டபுள் ஓவும் எப்படி ஒரே தண்டவாளத்துல ஓடுது? பிரிட்டன்ல நிஜ ரயிலே கொஞ்சம் ஒடுக்கம், அத 87ஆல வகுத்தா அந்த காலத்து மோட்டார் உள்ள போகல, அதனால உடம்ப மட்டும் பெருசாக்கிட்டு தண்டவாளத்த அப்படியே விட்டுட்டாங்க.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். கணக்கு ஒன்னுதான், நிஜ கேஜ ஸ்கேலால வகுங்க. உலகத்துல நெறைய நாட்டுல 1435 மில்லிமீட்டர், 87ஆல வகுத்தா 16.5, கச்சிதம். ஆனா கொழும்புலருந்து பதுளைக்கு வர்ற நம்ம லைன் 1676, வகுத்தா 19.3 வருது. டபுள் ஓன்னா 22. ஆக ரெடிமேட் தண்டவாளத்துல அந்த லைன்ல ஓடுற பொடி மெனிக்கே ரயில ஓட விட்டா, முன்னால இருந்து பாக்குறப்ப கால ஒடுக்கி நிக்கிற மாதிரி தெரியும். என்னைய கேட்டா எச்ஓவே எடுங்க, வித்தியாசம் 3 மில்லிமீட்டர்கூட இல்ல, பக்கவாட்டுல பாக்குறவனுக்கு தெரியவும் தெரியாது. சொந்தமா அகல தண்டவாளம் போடுறேன்னு எறங்குனா சக்கரம் எல்லாத்தையும் அகட்டணும், அது மொத தடவ செய்ற வேல இல்ல.

ஆனா ஒரு லைன் நமக்கு அதிர்ஷ்டம். நானுஓயாவுலருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியா இராகலைக்கு ஒரு குட்டி கோச்சி ஓடுச்சு, 1940கள்ல மூடிட்டாங்க. அதோட கேஜ் 762. 87ஆல வகுங்க: 8.76. N ஸ்கேல் தண்டவாளம் 9 மில்லிமீட்டர்! எச்ஓ ஆளு, எச்ஓ ஸ்டேஷன், தண்டவாளம் மட்டும் 9. இத எச்ஓ இ, இல்லாட்டி எச்ஓ என் 30னு விப்பாங்க, அந்த 30 முப்பது அங்குலம், அதாவது அதே 762. வெறும் N ஸ்கேல் தண்டவாளத்த வாங்காதீங்க, அதுல சிலிப்பர் கட்டை பொடிசா நெருக்கமா இருக்கும், பெரிய உடம்புக்கு கீழ பார்க்க அசிங்கம்.

இன்னொன்னு, ஏத்தம் சுருங்காது. மலை லைன்ல ஏத்தம் 1:44, அத எந்த ஸ்கேல்ல செஞ்சாலும் 44 சென்டிமீட்டருக்கு 1 சென்டிமீட்டர்தான். நான் தெமோதரை லூப் (பாதை வட்டமா சுத்தி தனக்கு கீழயே போற எடம்) செய்யலாம்னு கணக்கு போட்டேன். எச்ஓவுல ஒரு பாதைக்கு மேல இன்னொன்னு தாண்ட 7.5 சென்டிமீட்டர் ஒசரம் விட்டேன், அப்ப ஏறிவர 330 சென்டிமீட்டர் பாதை வேணும், வட்டமா போட்டா குறுக்களவே 105. பலகைய உள்ள கொண்டுபோய் வச்சா எங்க லயத்து காம்பராவுல (தோட்டத்து லைன் வீட்டு அறையில) கதவு தொறக்கல. அதான் இப்ப இராகலை லைன்.