மேபன் பீடத்துக்குக் கோதுமைப் பாவை: ஐந்து தாள் பின்னல்

மேற்கத்திய பேகன் மரபில் (பழைய இயற்கை வழிபாட்டை இன்று பின்பற்றுவோர் வழி) இலையுதிர்காலம் பிறப்பது பகலும் இரவும் சமமாகும் நாளில், அதாவது செப்டம்பர் 22 அல்லது 23-இல். அந்த மரபில் விக்கா என்ற சமய வழியினர் அதை மேபன் என்பார்கள், ட்ரூயிட்கள் என்ற இன்னொரு பிரிவினர் ஆல்பன் எல்வெட் என்பார்கள். மேபன் என்ற பெயரைப் பார்த்து ஆயிரம் வருஷப் பழமை என்று நினைக்க வேண்டாம். வேல்ஸ் நாட்டுக் கதையில் வரும் பெயரை எடுத்து 1970-களில் இந்த நாளுக்குச் சூட்டியவர் அமெரிக்கரான ஐடன் கெல்லி. ஆனால் அறுவடையின் கடைசிக் கதிர்களைப் பின்னி, அடுத்த உழவு வரை வீட்டில் காப்பது பிரிட்டன் கிராமங்களில் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்த வழக்கம். அந்தப் பின்னல்தான் 'கார்ன் டாலி'. இங்கே கார்ன் என்றால் கோதுமை. மக்காச்சோளத் தோகையில் செய்வது வேறு பொம்மை.

தேவை: கதிரோடு 5 கோதுமைத் தாள் (தண்டு), கதிர் நீக்கியது 25 வரை, மெழுகு தடவிய பருத்தி நூல், கூர்மையான சின்னக் கத்தரி, சிவப்பு ரிப்பன்.

தாள் உள்ளே பொள்ளலாக இருக்க வேண்டும். இன்றைய கோதுமை குட்டை ரகம், இயந்திர அறுவடையில் நசுங்கியும் போகும். நீளத் தாள் ரகமான மாரிஸ் விட்ஜன் கிடைத்தால் வேறு யோசனையே வேண்டாம். பூக்கடைக் கொத்து வாங்கினால் சாயம் ஏற்றாததாகப் பார்த்து வாங்குங்கள். கதிருக்குக் கீழே முதல் கணு வரை உள்ள பகுதி மட்டுமே பின்னலுக்கு ஆகும். கணுவுக்குச் சற்று மேலே வெட்டி, சுற்றியுள்ள உறையை உருவிவிடுங்கள்.

ஊறவைத்தல். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் முழுக வையுங்கள். பிறகு ஈரத்துண்டில் சுற்றி நிமிர்த்தி வைத்தால் மிச்சத் தண்ணீர் வடியும். தாளை மடக்கிப் பாருங்கள்: 'சடக்' என்று முறிந்தால் இன்னும் ஊற வேண்டும். இரவெல்லாம் ஊறப் போட்டால் நிறம் மங்கும், பூஞ்சை பிடிக்கும். அன்றைக்குப் பின்னும் அளவுக்கே ஊறப் போடுங்கள்.

பின்னல். ஐந்து கதிர்த்தாள்களையும் கதிருக்குச் சற்றுக் கீழே இறுக்கிக் கட்டி, கதிர்கள் கீழே தொங்கப் பிடியுங்கள். தாள்களை நான்கு திசைக்கும் படுக்கையாக மடக்குங்கள்; உங்களைப் பார்த்து இரண்டு, மற்ற மூன்று திசைக்கும் ஒவ்வொன்று. உங்கள் பக்கத்து இரண்டில் இடதுபக்கத் தாளை எடுத்து, அதன் ஜோடிக்கும் வலப்புறத் தாளுக்கும் மேலாகக் கொண்டுபோய், அந்த வலப்புறத் தாளை ஒட்டி அப்பால் வையுங்கள். பின்னலைக் கடிகார முள் திசையில் கால் சுற்றுத் திருப்பினால் இப்போது உங்கள் பக்கம் மறுபடி இரண்டு தாள். அவ்வளவுதான், இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். முன் வரிசைக்குச் சற்று வெளியே வைத்தால் பின்னல் அகலும், நேர் மேலே வைத்தால் அதே அளவில் நிற்கும், உள்ளே தள்ளினால் குறுகும். ஒரு பக்கமாகச் சாய்ந்தால் ஒரு தாளை மட்டும் அதிகம் இழுக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஒட்டுப்போடுதல். பலரும் கைவிடுவது இங்கேதான். தாள் தீரும்வரை காத்திருக்காதீர்கள். ஒரு தாளை நகர்த்தி வைத்தவுடன், மூலையைத் தாண்டி ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். அந்தப் பொள்ளலுக்குள் புதுத் தாளின் மெல்லிய முனையை, அதாவது கதிர் இருந்த பக்கத்தை, சரிவாக நறுக்கி இரண்டு சென்டிமீட்டராவது செருகுங்கள். அடுத்த சுற்றில் வரும் தாள் ஒட்டின் மேல் படிந்து பிடித்துக்கொள்ளும். தடித்த முனையைச் செருகப் பார்த்தால் பழைய தாள் பிளந்துவிடும். ஐந்தும் ஒரே சுற்றில் தீர்ந்தால் இடுப்பு முறிந்த பாவைதான் மிஞ்சும். ஆகவே தொடக்கத்திலேயே ஐந்தையும் வேறு வேறு நீளத்தில் நறுக்கி வையுங்கள். பசை வேண்டாம், ஈரத்தாளில் பிடிக்காது, காய்ந்ததும் பளபளவென்று தெரியும்.

நடுவில் அகன்று, 12 முதல் 15 சென்டிமீட்டரில் குறுகியதும், மீதித் தாளை வளைத்துக் கொக்கிபோலக் கட்டி ரிப்பன் சுற்றுங்கள். காற்றோட்டமான நிழலில் சில நாள் தொங்கட்டும். வெயில் பட்டால் நிறம் வெளுக்கும்.

வழிபாட்டு நாளில். பீடத்தில் பாவை, ரொட்டி, ஆப்பிள். ஆப்பிளைக் குறுக்கே வெட்டினால் விதைக்கூடு ஐந்து முனை நட்சத்திரமாகத் தெரியும், விக்கா வழியினருக்கு அது புனிதச் சின்னம். ஒரு பாதியைச் சாப்பிட்டு, மறு பாதியை மண்ணில் வையுங்கள். மெழுகுவர்த்தியைப் பாவையிலிருந்து ஒரு கை தூரமாவது தள்ளி ஏற்றுங்கள். காய்ந்த தாள் பற்றினால் கணத்தில் போய்விடும். 2026-இல் சமநேரம் பிரிட்டனில் 23-ஆம் தேதி அதிகாலை ஒரு மணியளவில் வருவதால், 22 மாலையே செய்துவிடலாம்.

பின்சேர்க்கை 1: கோதுமை கைக்கு வரும்வரை காகித உறிஞ்சுகுழலைத் தட்டையாக்கிப் பழகலாம். ஆனால் அதன் இரு முனையும் ஒரே தடிமன் என்பதால் ஒட்டுப்போடும் முறை அதில் அப்படியே வராது.

பின்சேர்க்கை 2: கதிரில் மணி இருக்கும்வரை எலி தேடி வரும். அலமாரியில் வைக்காமல், நூல் கட்டி உத்தரத்தில் தொங்கவிடுங்கள். வசந்தத்தில் முதல் விதை போடும்போது நூலையும் ரிப்பனையும் அவிழ்த்துவிட்டு, பாவையை நொறுக்கி அதே மண்ணில் கலந்துவிடலாம்.